பாட்டு ரூமின் கதவு

என் குரலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துப் பழகிய தொண்டை இது. போதாததற்கு எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், அந்தச் சுவருக்கு அப்பால் விசைத்தறி. சங்கரன்கோவிலில் எங்கள் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த எவளும் மெல்லப் பேசிக் குடித்தனம் நடத்தியதில்லை. அடுப்படியிலிருந்து நான் 'ஏங்க' என்றால் மொட்டைமாடியில் நிற்கிற மனுசருக்குக் கேட்க வேண்டும். கேட்கும். கேட்காத மாதிரி அவர் இருந்துகொள்வது வேறு விசயம்.

என் காதும் அப்படித்தான். தறி எத்தனை அடித்தாலும் அதற்குள்ளிருந்து வேண்டிய சத்தத்தைப் பொறுக்கிக்கொள்ளும். பால் பொங்குவது, கேட் திறப்பது, மழை ஆரம்பிப்பது எல்லாம் எனக்குத் தெரிந்துவிடும். இரண்டு வருசத்துக்கு முன்னால் ஒரு பங்குனிக் காலையில் அவர் குளித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மோந்து ஊற்றுகிற சத்தம் நின்றது. செம்பு விழுந்து உருண்டது. செம்பு விழுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் அது விழுந்தால் கூடவே அவர் வாயிலிருந்து 'சை, சவத்தைப்போட்டு' என்று ஒன்று வரும். அன்றைக்கு வரவில்லை. நான் தோசைக் கரண்டியோடு ஓடிப்போய்க் கதவை உதைத்தேன். பிளாஸ்டிக் கதவு, பிய்த்துக்கொண்டு போனது. சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்தபடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் வைத்தார்கள். "இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா சொல்லவே வேண்டாம்மா" என்றார் டாக்டர். அனுப்பும்போது அவருக்கும் எனக்குமாகச் சேர்த்து ஒரு பாடம் எடுத்தார். வேர்த்துக் கொட்டினாலோ நெஞ்சு படபடத்தாலோ எழுந்து நடக்கக் கூடாது, இருந்த இடத்தில் அசையாமல் உட்கார வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களைக் கூப்பிட வேண்டும். நான் தலையை ஆட்டினேன். பக்கத்தில் இருப்பவள் நான்தானே. அன்றிலிருந்து என் காது அவர் பின்னாலேயே அலைந்தது. இருமினால் எட்டிப் பார்ப்பேன். இருமாவிட்டாலும் எட்டிப் பார்ப்பேன்.

வங்கி வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்று வந்த பிறகு ஒருநாள் சாப்பிட்டுக் கைகழுவும்போது சொன்னார்:

"மக ரூம் சும்மாதான கெடக்கு. அதைப் பாட்டு ரூமா ஆக்கிரலாம்னு இருக்கேன்."

"பாட்டுக் கேக்க ஹால் இல்லையாக்கும்?"

"இந்தத் தறிச் சத்தத்துல என்னத்தட்டி கேக்க? ஒரு பாட்டையாவது முழுசாக் கேட்டிருப்பமா? வெளிச்சத்தம் உள்ள வரக்கூடாது. உள்சத்தம் வெளிய போகக்கூடாது. அப்படி ஒரு ரூம்."

உள்சத்தம் வெளியே போகக்கூடாது என்றாரே, அந்த வார்த்தையில் எனக்கு அந்தச் செம்பு ஞாபகம் வந்துவிட்டது. செம்பு விழுந்த சத்தம் அன்றைக்கு வெளியே வரவில்லை என்றால் இவர் இன்றைக்கு எனக்கு முன்னால் நின்று கைகழுவிக்கொண்டிருப்பாரா? இதை அவரிடம் நேராகச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. சொன்னால் பலித்துவிடுமோ என்று ஒரு பயம். அதனால் வேறு எதையெல்லாமோ சொல்லிச் சண்டை போட்டேன். கோட்டி பிடித்திருக்கிறதா என்றேன். சன்னலை அடைத்தால் வீட்டுக்கு ஆகாது என்றேன். கோயமுத்தூரில் இருக்கிற மகளுக்குப் போன் போட்டு அழுதேன்.

"அப்பா இத்தனை வருசத்துல தனக்குன்னு ஒண்ணுமே கேட்டதில்லைம்மா. ஆசைப்படுதாங்க, விடேன்" என்றாள் அவள்.

"ஒனக்கென்னட்டி, நீ அங்கன இருந்துக்கிட்டு விடுவே."

வேலை ஆரம்பித்தது. மதுரையிலிருந்து ஸ்டூடியோ வேலை செய்கிற ஆள் ஒருவர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, தரையில் காதை வைத்துப் பார்த்து, தறி தரை வழியாகவும் வருகிறது என்றார். அதனால் பழைய தரைக்குமேல் ரப்பர்க் கட்டைகள் வைத்து இன்னொரு தரை. பழைய சுவரைத் தொடாமல், இடைவெளி விட்டு இன்னொரு சுவர். நடுவில் மெத்தை மெத்தையாக ராக்வூல், கல்லை உருக்கி நூற்ற பஞ்சாம். அதைத் தொட்டவர்கள் எல்லாம் சொறிந்துகொண்டு திரிந்தார்கள். சன்னலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். ஒரு வீட்டுக்குள் இன்னொரு வீட்டைக் கட்டிக்கொண்டிருந்தார் மனுசர், அதுவும் நான் போக முடியாத வீடு.

பக்கத்து வீட்டு மதினி கேள்விப்பட்டு, எங்கெங்கோ வாங்கிச் சேர்த்த முட்டை அட்டைகளை ஒரு கட்டாகக் கட்டி எடுத்து வந்தாள். "இதச் சுவர்ல ஒட்டுனாப் போதுமாம்லா டீச்சர், செல்லுல பாத்தேன்" என்றாள். முட்டை அட்டை எதிரொலியைத்தான் கொஞ்சம் குறைக்கும், சத்தத்தை நிறுத்தாது, நிறுத்த வேண்டுமானால் கனமும் இடைவெளியும் வேண்டும் என்று அவர் அவளுக்குப் பெரிய வகுப்பு எடுத்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மதினி என் பக்கம் திரும்பினாள்.

"அப்ப எங்க தறி ஒங்களுக்கு இத்தன நாளும் எடஞ்சலாத்தான் இருந்திருக்கு. ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா."

"ஏ மதினி, நீங்க வேற. தறி ஓடாட்டி எனக்கு ஒறக்கமே வராது. ஊரெல்லாம் ஒரு வழின்னா இந்த மனுசனுக்குத் தனி வழி."

அவள் சிரித்தாள். ஆனால் முட்டை அட்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நாளைக்கு அவள் வீட்டு மரத்து முருங்கைக்காய் எங்களுக்கு வருவது நின்றது.

கதவில்தான் எங்களுக்குள் பெரிய சண்டை. இரண்டு பலகைக்கு நடுவில் ராக்வூல் திணித்த கதவு. சுற்றிலும் ரப்பர். உள்ளே இழுத்துக் கொண்டியை இறுக்கிப் போட்டால்தான் ரப்பர் சட்டத்தோடு ஒட்டும், இல்லையென்றால் சத்தம் புகுந்துவிடுமாம். கொண்டி எதற்கு, சாத்தி மட்டும் வையுங்களேன் என்றேன். ஆகாது என்றார். கதவில் சின்னதாக ஒரு கண்ணாடி வைக்கச் சொன்னேன். அதுவும் ஆகாது. ஊசி போகிற ஓட்டை இருந்தாலும் அந்த ஊசி வழியாகத் தறி முழுசும் உள்ளே வந்துவிடுமாம். கடைசியில், நான் வெளியே சுவிட்சைப் போட்டால் உள்ளே எரிகிற மாதிரி ஒரு சிவப்பு பல்புக்குச் சம்மதித்தார். பல்பு வந்தது. ஆனால் பாட்டுக் கேட்கும்போது இவர் கண்ணை மூடிக்கொள்வார். மூடிய கண்ணுக்குச் சிவப்பென்ன, பச்சையென்ன?

எல்லாம் முடிந்த அன்றைக்கு என்னைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, "நான் உள்ள போறேன். நீ ஒன் தொண்டைக்கு எவ்வளவு முடியுமோ அவ்வளவு கத்து" என்று சொல்லிவிட்டுக் கொண்டியைப் போட்டார். வாய்ப்புக் கிடைத்தது, விடுவேனா? அவர் அம்மா என்னைச் சொன்னது, என் தம்பி கல்யாணத்தில் இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிக் கத்தினேன். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். அவர் கதவைத் திறந்துகொண்டு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு.

"ஏட்டி, ஒண்ணுமே கேக்கல!"

நானும் சிரித்தேன். ஆனால் என் குரல் போகாத ஒரு இடம் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் உள்ளே போவார். போனைக் கூட ஹாலில் வைத்துவிடுவார், அது கூவினால் பாட்டுக் கெட்டுவிடுமாம். பள்ளிக்கூடம் உள்ள நாட்களில் நான் வகுப்பில் நின்றுகொண்டு வீட்டையே நினைத்துக்கொண்டிருப்பேன். லீவு நாட்களில் அது இன்னும் மோசம், அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். சும்மா தட்டிப் பார்த்தால் மூட்டையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். கதவில் காதை வைப்பேன். ஒன்றும் இருக்காது. உயிரோடு இருக்கிற மனுசனுக்கும் இல்லாத மனுசனுக்கும் அந்தக் கதவு ஒரே பதிலைத்தான் சொன்னது.

பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த அறைக்கென்று மின்பெட்டியில் தனியாக ஒரு ட்ரிப்பர் வைத்திருந்தார்கள். அதைக் கீழே தட்டிவிட்டால் பாட்டு, ஏசி, விளக்கு எல்லாம் போய்விடும். கரண்டு போனால் நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? எழுந்து வாசலுக்கு வந்து எதிர்வீட்டைப் பார்ப்பார்கள். எல்லாருக்கும் போய்விட்டதா, நமக்கு மட்டும் போச்சா என்று தெரிந்தால்தான் மனசு ஆறும். இவரும் அப்படித்தான். நான் தட்டிவிட்டுப் பூக்கட்டுகிற மாதிரி உட்கார்ந்துகொள்வேன். கொண்டி திறக்கும். வாசலுக்குப் போவார், பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறதைக் கேட்பார், "நமக்குத்தான் போயிருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டு பெட்டியைத் திறந்து ட்ரிப்பரைத் தூக்கிவிடுவார். அதற்குள் நான் முகத்தைப் பார்த்துவிடுவேன். நிறம் சரியாக இருக்கிறதா, நடை சரியாக இருக்கிறதா? சரி, போய்ப் பாட்டைக் கேளுங்கள். எலெக்ட்ரீசியன் வந்து ட்ரிப்பரை மாற்றிவிட்டுப் போனார். நான் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், வாயைத் திறக்கவில்லை.

ஆனால் ஒன்று என்னை அரித்தது. சில நாள் அவர் தானாகவே கதவைத் திறந்து வரும்போது சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருக்கும்.

"ஏசி போடலையா?"

"போட்டேன். கூலிங் பத்தல."

"இல்ல, நெஞ்சுக்கு என்னமும்..."

"ஏட்டி, மனுசனுக்கு வேக்கக் கூடாதா? சும்மா கெட."

டாக்டர் சொன்ன பாடம் என் காதில் ஓடும். வேர்த்துக் கொட்டினால். நான் போய் அந்த ஏசியில் நின்று பார்த்தேன். அது குளிர்ந்து தள்ளியது.

ஆடி மாசம் ஒரு சனிக்கிழமை. காற்று புழுதியை வாரிக்கொண்டு அடித்தது. அவர் உள்ளே போய் வெகுநேரமாகிவிட்டது. காப்பிக்கு நேரமாகிறது என்று நான் போய் ட்ரிப்பரைத் தட்டினேன். வந்து உட்கார்ந்தேன். கொண்டி திறக்கவில்லை. தட்டியது சரியாக விழவில்லையோ என்று போய்ப் பார்த்தேன். விழுந்துதான் இருந்தது. தூக்கிவிட்டு மறுபடி தட்டினேன். வரவில்லை. சிவப்பு பல்புக்கான சுவிட்சைப் போட்டேன், பிறகுதான் கரண்டையே நான் அணைத்து வைத்திருக்கிறேன் என்று உறைத்தது. கூறுகெட்டவளே என்று என்னையே திட்டிக்கொண்டேன். அவர் போன் ஹால் மேசையில் சும்மா கிடந்தது.

விளக்கில்லாமல், ஏசியில்லாமல், பாட்டில்லாமல் ஒரு மனுசன் இருட்டுக்குள் எப்படி உட்கார்ந்திருப்பான்? உட்கார்ந்திருக்க மாட்டான். கிடப்பான்.

கதவைக் கையால் அடித்தேன். இரண்டு கையாலும் அடித்தேன். அம்மிக் குழவியைத் தூக்கி வந்து அதால் இடித்தேன். தொம், தொம் என்று செத்த சத்தம். "ஏங்க, ஏங்க" என்று கத்தினேன். அவருக்குக் கேட்காது என்று எனக்கே தெரியும், நானே நின்று கத்திச் சோதித்துக் கொடுத்ததுதானே. இருந்தாலும் கத்தினேன்.

பிறகு பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். தறிக்கொட்டகைக்குள் நான் பேசியது யாருக்கும் விளங்கவில்லை. மதினி என் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் போய் மெயின் சுவிட்சை இழுத்துவிட்டாள். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

"அவுக கதவத் தொறக்கல மதினி, அவுக கதவத் தொறக்கல."

மதினியின் வீட்டுக்காரர், தறிக்கார அண்ணாச்சி, மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துக்கொண்டு முன்னால் ஓடினார். கதவில் நாலைந்து தடவை பலமாக இடித்துப் பார்த்தார், பதிலில்லை. ரப்பருக்கும் சட்டத்துக்கும் நடுவில் கடப்பாரை முனையைச் செருகி நெம்பினார். மதினி என் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சங்கரா, கோமதித் தாயி" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தது எனக்குக் கேட்டது. எனக்குச் சாமி பெயர் எதுவும் வரவில்லை. உள்ளேயிருந்து வராத சத்தத்தைத்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். கொண்டி தெறித்தது.

உள்ளே இருட்டு. அண்ணாச்சி செல்லில் வெளிச்சம் போட்டார். இவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தான் எல்லாம் திறந்து கிடந்தது. உடம்பெல்லாம் வேர்வை. ஒரு கை நெஞ்சில். கண் இரண்டும் விரிந்து நேரே என்னைப் பார்த்தபடி, அசையாமல். நான் போட்ட சத்தத்தில் அண்ணாச்சி கடப்பாரையைக் கீழே விட்டுவிட்டார்.

"கத்தாதட்டி" என்றார் அவர், உதடு மட்டும் அசைய. "அசையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்லா. நெஞ்சு தாறுமாறா அடிச்சிட்டு. தொம்முதொம்முன்னு. காதுக்குள்ளயே அடிச்சிது. முடிஞ்சிதுன்னே நெனச்சேன். இப்ப நின்னுட்டு."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவர் தோளில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"அது ஒங்க நெஞ்சு இல்ல! அது நான்! நான் கதவத் தட்டுனது!"

அவர் அண்ணாச்சியைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், பிய்ந்து கிடந்த கதவைப் பார்த்தார். அண்ணாச்சிதான் முதலில் சிரித்தார். "தலைக்கு வந்தது தலப்பாகையோட போச்சுவே. கதவுதான, செஞ்சுக்கிடலாம்" என்றார். மதினி முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, இவரைப் பார்த்து, "இருட்டுக்குள்ள பாட்டும் போடாம என்ன செஞ்சிய அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பையன் மாதிரி பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

அவர்கள் போன பிறகு கேட்டேன். சொல்லாமல் விடமாட்டேன் என்று முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அவருக்குப் படுக்க முடியவில்லையாம். எங்கள் கட்டில் தறிச் சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது. படுத்ததும் உடம்புக்குள் ஒரு அடி. "தறி அடிக்கா, நெஞ்சு அடிக்கான்னு தெரியலட்டி. நின்னு நின்னு அடிக்கிற மாதிரி இருக்கும். நெஞ்சுதான் நின்னு அடிக்கோன்னு எந்திரிச்சு உக்காருவேன். பாத்தா தறிய நிறுத்தியிருப்பான். இல்லன்னா ஓடிக்கிட்டிருக்கும். எப்படிக் கண்டுபிடிக்க?" அதற்காகத்தான் அறை. பாட்டை ஆரம்பத்தில் கொஞ்சம் போடுவாராம். பிறகு விளக்கையும் பாட்டையும் ஏசியையும் அணைத்துவிடுவார். ஏசிக்கும் ஒரு இரைச்சல் உண்டே. எல்லாம் அடங்கின பிறகு நாற்காலியில் சாய்ந்து தன் நெஞ்சைக் கேட்பார். ஒழுங்காக அடிக்கிறதா என்று கேட்டுவிட்டு, அன்றைய நாள் போதும் என்று எழுந்து வருவாராம். அன்றைக்கு நான் ட்ரிப்பரைத் தட்டியது அவருக்குத் தெரியாமல் போனது அதனால்தான்.

"ஒரு வார்த்த என்ட்ட சொல்லக் கூடாதா?"

"சொன்னா நீ பயப்படுவே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தக் கடப்பாரை கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று. இத்தனை நாளாகக் கதவுக்கு அந்தப் பக்கம் இவரும் இந்தப் பக்கம் நானும் ஒரே பயத்தைத் தின்றுகொண்டிருந்திருக்கிறோம், ஒருவருக்கொருவர் தெரியாமல் மென்று. சத்தம் போட்டு அழுதேன். பிறகு காப்பி போட்டேன்.

கதவைச் சரிசெய்தோம். இப்போது கொண்டி கிடையாது. உள்ளே இரண்டாவது நாற்காலி ஒன்று போட்டாயிற்று. சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்ததும் இரண்டு பேருமாக உள்ளே போவோம். ஒரு பாட்டு முழுசாகக் கேட்போம், நன்றாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். பிறகு எல்லாவற்றையும் அணைப்பார். நான் அவர் நெஞ்சில் காதை வைத்துக் கேட்பேன். ஒழுங்காக அடித்துக்கொண்டிருக்கும். நான் சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை. சில நாள் அப்படியே கண்ணசந்துவிடுவார்.

போன வாரம் ஒருநாள் நான் கேட்டு முடித்து, "நல்லா ஓடுது, எந்திரிங்க" என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை.

"தெனமும் என்னோடதத்தான கேக்கோம். இன்னைக்கு ஒன்னோடதக் கேப்பமா?"

"இந்த வயசுல வேற சோலி இல்ல ஒங்களுக்கு" என்று கூச்சத்தில் தள்ளிவிட்டேன். விடவில்லை. சேலையை ஒதுக்கிக் காதை வைத்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. "என்ன, பாட்டுக் கேக்கா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. கையை உயர்த்திப் பேசாமல் இருக்கச் சொன்னார். காதை எடுத்தார், மறுபடி வைத்தார், கொஞ்சம் இடம் மாற்றி வைத்தார். அந்த அறையில் எத்தனையோ நாள் உட்கார்ந்து இந்த ஒன்றை மட்டும் கேட்டுப் பழகிய காது அது.

"என்னங்க?"

அவர் நிமிர்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, நடுநடுவுல ஒண்ண விட்டுட்டு அடிக்கு. நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லு."